பூட்டை மாட்டிவிட்டுக் கடையைத் திறங்கள்

கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் கொடுத்தாயிற்று. மெயில் அனுப்ப, ரயில் டிக்கெட் எடுக்க, கரண்ட் பில் கட்டப் பழகியாயிற்று. அடுத்து பலருக்கும் வருகின்ற ஆசை, நமக்கென்று ஒரு வெப்சைட் வேண்டும் என்பதுதான். கடை வைத்திருப்பவருக்குக் கடையின் பெயரில் ஒன்று, கவிதை எழுதுபவருக்குக் கவிதைக்கு ஒன்று, ஊர்க் கோயில் கமிட்டிக்குத் திருவிழாப் படங்கள் போட ஒன்று. நல்ல ஆசைதான். தடுப்பதற்கு இல்லை.

இதற்கென்று இலவசமாகக் கிடைக்கும் சாஃப்ட்வேர் தொகுப்புகள் உண்டு. 2001ல் வந்த துருபல், 2003ல் வந்த வேர்ட்பிரஸ், 2005ல் வந்த ஜூம்லா ஆகிய மூன்றும் பலரும் அறிந்தவை. இவற்றைக் கன்டென்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம், சுருக்கமாக சி.எம்.எஸ். என்று அழைப்பார்கள். ஒருமுறை சர்வரில் இதனைப் பதிந்துவிட்டால், பிறகு புரோகிராம் எழுதத் தெரியாதவரும் லெட்டர் டைப் செய்வது போலப் பக்கங்களை எழுதி, படங்களைச் சேர்த்து வெளியிடலாம். வேர்ட்பிரஸ் தன்னுடைய இன்ஸ்டால் முறைக்கு வைத்திருக்கும் பெயரே "ஐந்து நிமிட இன்ஸ்டாலேஷன்" என்பதாகும்.

அந்த ஐந்து நிமிடங்களைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். ஏனென்றால், எஞ்சினியரிங் படித்து, சாஃப்ட்வேர் வேலையும் பார்க்கும் நான், அந்த ஐந்து நிமிடத்தில்தான் கோட்டை விட்டேன்.

நடந்தது என்ன?

திண்டுக்கல்லில் என் பெரியப்பா துணிக்கடை வைத்திருக்கிறார். சின்னாளப்பட்டியிலிருந்து வரும் சுங்குடிச் சேலைகள்தான் முக்கிய வியாபாரம். 2022 ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தபோது, தீபாவளிக்கு முன் கடைக்கு ஒரு வெப்சைட் அமைத்துக் கொடுக்கும்படி கேட்டார். டொமைன் பெயரும் ஹோஸ்டிங் இடமும் வாங்கினேன். டொமைன் என்பது உங்கள் கடையின் பெயர்ப் பலகை. ஹோஸ்டிங் என்பது கடை நடத்த வாடகைக்கு எடுக்கும் இடம். வேர்ட்பிரஸ் தொகுப்பை டவுன்லோட் செய்து, சர்வரில் ஏற்றி, விரித்து வைத்தேன். வெப்சைட்டுக்கான பாதுகாப்புச் சர்ட்டிபிகேட்டும் தானாகவே வந்து சேர்ந்தது. பிரவுசரில் முகவரியைக் கொடுத்தால் இன்ஸ்டால் செய்வதற்கான முதல் பக்கம் வந்து நின்றது. அப்போது இரவு எட்டே முக்கால் இருக்கும்.

"ஏப்பா, கடையை அடைக்கப் போறேன். சாப்பிட்டு வந்து பார்த்துக்கலாம், வா" என்றார் பெரியப்பா. போனோம். பிரியாணி சாப்பிட்டுவிட்டு வீட்டிற்குத் திரும்ப ஒரு மணி நேரம் ஆனது. வந்து பார்த்தேன். அதே முதல் பக்கம் எனக்காகக் காத்திருந்தது. டேட்டாபேஸ் பெயர், பாஸ்வேர்ட் எல்லாம் கொடுத்து வேலையை முடித்தேன். இருபது எழுத்தில் நல்ல உறுதியான பாஸ்வேர்ட் வைத்தேன். மறுநாள் சேலைப் படங்களை ஏற்றினோம். எல்லாம் சரியாக இருந்தது.

ஏழு வாரம் கழித்து, தீபாவளி வியாபாரம் சூடு பிடிக்கும் நேரத்தில், மதுரையிலிருந்து ஒரு பழைய வாடிக்கையாளர் பெரியப்பாவுக்குப் போன் செய்தார். வருடா வருடம் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் எல்லோருக்கும் சேர்த்துச் சேலை எடுப்பவர் அவர். "அண்ணே, உங்க கடைப் பேரை கூகுள்ல தட்டி உள்ளே போனா சீட்டாட்டம் வருது. ஸ்டாஃப் ரூம்ல எல்லார் முன்னாடியும் திறந்து அசிங்கமாப் போச்சு" என்றார். பெரியப்பா தன் கம்ப்யூட்டரில் முகவரியை டைப் செய்து பார்த்தார். கடைப் பக்கம்தான் வந்தது. நானும் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான். பிறகுதான் புரிந்தது. நேராக முகவரியை டைப் செய்து வருபவருக்குக் கடை தெரியும். கூகுள் தேடல் வழியாக வருபவரை மட்டும் சூதாட்ட வெப்சைட்டுக்குத் தள்ளிவிடும்படி யாரோ எழுதி வைத்திருந்தார்கள். உரிமையாளர் பெரும்பாலும் நேராகத்தான் வருவார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்த வருடம் அந்தப் பள்ளிக்கூடத்து ஆர்டர் வரவில்லை. பணம் கூடப் பெரிதில்லை. என் தாத்தா காலத்திலிருந்து பலகையில் இருக்கும் பெயர் அது. அதைத் தட்டினால் சூதாட்டம் வந்தது என்பதைப் பெரியப்பாவால் தாங்க முடியவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

திருடன் எப்போது வந்தான்?

சர்வரில் யார் எப்போது எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்பதைப் பதிவு செய்யும் லாக் பைல் ஒன்று இருக்கும். அதைத் தேடி எடுத்துப் பார்த்தேன். முந்தைய வாரத்தில் எங்கோ நுழைந்திருப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை. நாங்கள் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரத்திற்குள், எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு முகவரியிலிருந்து யாரோ அந்த இன்ஸ்டால் பக்கத்தைத் திறந்து, படிவத்தை நிரப்பி அனுப்பியிருந்தார்கள்.

இது எப்படி முடியும்? என் டேட்டாபேஸின் பெயரும் பாஸ்வேர்டும் அவனுக்குத் தெரியாதே என்று நீங்கள் கேட்கலாம். தெரியவே வேண்டாம். இன்ஸ்டால் படிவத்தில், டேட்டாபேஸ் எந்த சர்வரில் இருக்கிறது என்று கேட்கும் ஒரு கட்டமும் உண்டு. அங்கே அவன் தன்னுடைய சொந்த சர்வரின் முகவரியையும் தன்னுடைய பாஸ்வேர்டையும் கொடுக்கலாம். உடனே அவன்தான் உங்கள் வெப்சைட்டின் நிர்வாகி. நிர்வாகியாக நுழைந்தவன் தன்னுடைய புரோகிராம் பைல் ஒன்றை உங்கள் இடத்தில் ஏற்றி வைக்கலாம். வேலை முடிந்ததும், அமைப்பு விவரங்கள் எழுதப்பட்ட கான்பிக் பைலை மட்டும் அழித்துவிட்டுப் போய்விடுவான். அப்படி அழித்தால் வேர்ட்பிரஸ் மறுபடியும் முதல் பக்கத்தைக் காட்டும். நீங்கள் வந்து பார்க்கும்போது யாரும் தொடாதது போலவே இருக்கும்.

நான் வைத்த இருபது எழுத்துப் பாஸ்வேர்டால் என்ன பயன்? திருடனை உள்ளே வைத்து வெளியே பூட்டியிருக்கிறேன்.

என் ஒருவனுக்கு மட்டுமா?

இது எனக்கு மட்டும் நடந்த அதிசயம் அல்ல. 2017 ஜூலையில், அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த டெஃப்கான் மாநாட்டில், ஜெர்மனியைச் சேர்ந்த ஹன்னோ பாக் என்ற பத்திரிகையாளர் இதைத்தான் விளக்கிக் காட்டினார். அதே மாதத்தில் வேர்ட்ஃபென்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனமும், பாதியில் நிற்கும் வேர்ட்பிரஸ் இன்ஸ்டால்களைத் தேடி ஊர் ஊராகக் கதவு தட்டும் புரோகிராம்களைப் பற்றி எச்சரித்தது. 2022 மே மாதத்தில், இலவசச் சர்ட்டிபிகேட் பெற்ற சில நிமிடங்களில், சில சமயம் வினாடிகளில், புதிய வேர்ட்பிரஸ் தளங்கள் கைப்பற்றப்படுவதாகச் செய்தி வந்தது. அந்தச் செய்தி வந்து மூன்று மாதம் கழித்துத்தான் நான் பிரியாணி சாப்பிடப் போனேன். அதைப் படித்ததோ தீபாவளிக்குப் பிறகுதான்.

புதிதாகப் பிறந்த, யாருக்கும் சொல்லாத ஒரு வெப்சைட்டின் பெயர் திருடனுக்கு எப்படித் தெரிகிறது? இதற்குப் பதில் அந்தச் சர்ட்டிபிகேட்டில் இருக்கிறது.

2011ல் நெதர்லாந்தில் டிஜிநோட்டார் என்ற சர்ட்டிபிகேட் நிறுவனத்திற்குள் திருடர்கள் புகுந்து, கூகுள் உள்ளிட்ட பல பெயர்களில் போலிச் சர்ட்டிபிகேட்களை உருவாக்கினார்கள். யார் பெயரில் யார் சர்ட்டிபிகேட் வாங்குகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தால் இப்படிப் போலிகள் மறைந்து வாழ முடியாது அல்லவா? அதனால் வழங்கப்படும் ஒவ்வொரு சர்ட்டிபிகேட்டையும் பொதுப் பதிவேடு ஒன்றில் எழுதும் முறை வந்தது. 2018 ஏப்ரல் 30க்குப் பின் வழங்கப்பட்ட சர்ட்டிபிகேட்கள் இந்தப் பதிவேட்டில் இருந்தால்தான் குரோம் பிரவுசர் ஏற்றுக்கொள்ளும்.

நம் ஊர் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது போலத்தான் இது. நல்ல நோக்கத்தில் வந்த ஏற்பாடு. ஆனால் வில்லங்கம் பார்ப்பவர்கள் எல்லோரும் நிலம் வாங்க வந்தவர்கள் இல்லையே! உங்கள் டொமைனுக்குச் சர்ட்டிபிகேட் வழங்கப்பட்ட உடனே, "இந்தப் பெயரில் புதிதாக ஒரு கடை வருகிறது" என்று உலகத்துக்கே தண்டோரா போட்டது போலாகிவிடுகிறது. அதைக் கேட்டு வருபவன் மனிதன் கூட இல்லை. இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம். உங்கள் கடை சிறியதா, பெரியதா என்று அது பார்ப்பதில்லை. கதவு திறந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும்.

"நம்ம வெப்சைட்ல என்ன இருக்கு, எவன் வரப் போறான்?" என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான். அவனுக்கு உங்கள் சேலைப் படம் வேண்டாம். உங்கள் நல்ல பெயர் வேண்டும். அந்தப் பெயரை வைத்து ஆள் பிடிக்க வேண்டும்.

பெரியப்பா சொன்னது

எல்லாவற்றையும் அழித்து மறுபடி அமைத்த அன்று, நடந்ததைப் பெரியப்பாவுக்கு விளக்கினேன். அவருக்குக் கம்ப்யூட்டர் அதிகம் தெரியாது. ஆனால் பூட்டு தெரியும். நாங்கள் திண்டுக்கல்காரர்கள். 2019ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு எங்கள் ஊருடையது. அவர் கடையில் இன்றும் தொங்குவது கையால் செய்த மாங்காய்ப் பூட்டு.

எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஏப்பா, இந்தக் கடையை எடுத்தப்ப எங்க அப்பா முதல்ல என்ன செஞ்சார் தெரியுமா? பூட்டு வாங்கி மாட்டினார். சாவி கைக்கு வந்த பிறகுதான் முதல் மூட்டைத் துணி உள்ள வந்துச்சு. நீ மூட்டையை இறக்கிட்டு, கதவைத் திறந்து போட்டுட்டு, பூட்டு வாங்கப் போயிருக்க."

இத்தனை வருடப் படிப்பில் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. வெப்சைட் பாதுகாப்பு என்றால் நாம் எல்லோரும் பாஸ்வேர்ட் எவ்வளவு நீளம் என்பதையே பேசுகிறோம். எந்த வரிசையில் வேலை செய்கிறோம் என்பதைப் பேசுவதில்லை. எட்டு லீவர் பூட்டாக இருந்தாலும், மாட்டும் முன் நுழைந்தவனை அது என்ன செய்யும்?

சரியான வரிசை

நீங்களே இன்ஸ்டால் செய்வதாக இருந்தால், கீழே உள்ள வரிசைப்படி செய்திடவும்.

1. முதலில் வீட்டிலேயே பழகுங்கள். ஸாம்ப் என்ற இலவசத் தொகுப்பை உங்கள் கம்ப்யூட்டரில் பதிந்தால், அதுவே உங்களுக்கான சிறிய சர்வராக மாறிவிடும். அதில் வேர்ட்பிரஸ், ஜூம்லா எதையும் இன்ஸ்டால் செய்து, அழித்து, மறுபடி செய்து பார்க்கலாம். வெளியிலிருந்து யாரும் எட்டிப் பார்க்க முடியாதபடி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்தில் எதைக் கேட்கும் என்பது பழகிவிட்டால், நிஜ சர்வரில் தடுமாறிக்கொண்டு கதவைத் திறந்து வைத்திருக்க மாட்டீர்கள்.

2. சாஃப்ட்வேரை அதன் சொந்த வெப்சைட்டிலிருந்து மட்டும் எடுக்கவும். காசு கொடுத்து வாங்க வேண்டிய டிசைன்களை "இலவசம்" என்று தரும் தளங்களின் பக்கமே போக வேண்டாம். அவற்றில் கள்ளக் கதவு வைத்தே தருவார்கள். சொந்த வெப்சைட்டிலும் அபூர்வமாகத் தவறு நடந்ததுண்டு. 2007ல் வேர்ட்பிரஸ் சர்வருக்குள் ஒருவன் நுழைந்து, டவுன்லோட் செய்ய வைத்திருந்த 2.1.1 பதிப்பின் பைல்களையே மாற்றிவிட்டான். அவர்கள் அதனை வெளிப்படையாக அறிவித்து, அந்த மார்ச் மாதமே 2.1.2 பதிப்பைத் தந்தார்கள். எனவே எப்போதும் அன்றைய தேதியில் உள்ள புதிய பதிப்பையே எடுக்கவும். பழைய சி.டி.யிலோ பென் டிரைவிலோ நண்பர் வைத்திருப்பதை வாங்காதீர்கள்.

3. சர்ட்டிபிகேட்டை, இடம் காலியாக இருக்கும்போதே வாங்கிவிடவும். ஹோஸ்டிங் போல்டரில் "விரைவில் வருகிறோம்" என்று எழுதிய ஒரு சாதாரணப் பக்கம் மட்டும் இருக்கட்டும். தண்டோரா கேட்டு வரும் புரோகிராம் வெறும் சுவரைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

4. அடுத்து, போல்டருக்குப் பூட்டு. சி-பேனல் போன்ற நிர்வாகப் பக்கத்தில் ஒரு போல்டருக்கே பயனர் பெயரும் பாஸ்வேர்டும் வைக்கும் வசதி இருக்கும். டைரக்டரி பிரைவசி என்ற பெயரில் பார்க்கலாம். அதை முதலில் போடவும். இனி அந்த போல்டரில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பாஸ்வேர்ட் கேட்கும். பெரியப்பா சொன்ன பூட்டு இதுதான்.

5. இப்போது பைல்களை ஏற்றி, உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் இன்ஸ்டாலை முடிக்கவும். டேட்டாபேஸை முன்பே உருவாக்கி, விவரங்களைப் பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ளவும். சிலர், கான்பிக் பைலை வீட்டிலேயே எழுதி ஏற்றிவிட்டால் போதும் என்பார்கள். அது பாதி உண்மை. டேட்டாபேஸ் காலியாக இருக்கும்வரை, நிர்வாகியின் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்கும் அடுத்த பக்கம் திறந்துதான் இருக்கும். முதலில் வருபவர் யாரோ அவரே நிர்வாகி.

6. நிர்வாகிப் பெயராக அட்மின் என்று வைக்க வேண்டாம். டேட்டாபேஸ், ஹோஸ்டிங், நிர்வாகி மூன்றுக்கும் வேறு வேறு பாஸ்வேர்ட் வைக்கவும். ஜூம்லாவாக இருந்தால் முடிவில் இன்ஸ்டாலேஷன் போல்டரை நீக்கிவிட்டதை உறுதி செய்திடவும்.

7. பைல்களுக்கான அனுமதி எண்களைக் கவனிக்கவும். ஏதாவது வேலை செய்யாவிட்டால் "777 என்று மாற்று, சரியாகிவிடும்" என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. 777 என்றால் அந்த சர்வரில் உள்ள யாரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்று பொருள். வாடகை சர்வரில் உங்களோடு இன்னும் பலர் குடியிருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். பொதுவாக போல்டருக்கு 755, பைலுக்கு 644 போதும். கான்பிக் பைலுக்கு 600 அல்லது 640 வைக்கலாம்.

8. எல்லாம் சரியாக இருக்கிறதென்று பார்த்த பிறகு, அந்தச் சாதாரணப் பக்கத்தை நீக்கிவிட்டு, போல்டர் பூட்டை எடுக்கவும். இப்போது கடையைத் திறக்கலாம்.

இந்த எட்டையும் செய்ய அரை மணி நேரம் ஆகலாம். ஐந்து நிமிடத்தில் முடியாதுதான். எனக்கு மிச்சமான இருபத்தைந்து நிமிடத்தின் விலை ஒரு தீபாவளி.

சாவி எங்கே இருக்கிறது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு. சர்வரின் சாவி உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. 2009ல் பரவிய கம்ப்ளர் என்ற கெட்ட புரோகிராம் இதைத்தான் குறி வைத்தது. வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் நுழையும். அங்கிருந்து வெப்சைட்டுகளுக்குப் பைல் அனுப்பும் எப்.டி.பி. பாஸ்வேர்டுகளைத் திருடும், அந்த வெப்சைட்டுகளைக் கெடுத்து, அவற்றைப் பார்க்க வருபவர்களின் கம்ப்யூட்டர்களிலும் நுழையும். சாதாரண எப்.டி.பி. முறையில் பாஸ்வேர்ட் மறைக்கப்படாமலே வயரில் போகிறது. உங்கள் ஹோஸ்டிங்கில் எஸ்.எப்.டி.பி. வசதி இருந்தால் அதையே பயன்படுத்தவும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து வெப்சைட் வேலை பார்க்க வேண்டாம்.

பூட்டு மாட்டியாயிற்று என்று தூங்கிவிடவும் கூடாது. 2014 அக்டோபர் 15 அன்று துருபல் 7ல் இருந்த ஒரு பெரிய ஓட்டை அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்து ஏழு மணி நேரத்திற்குள் சரி செய்யாதவர்கள், தங்கள் தளம் கைப்பற்றப்பட்டதாகவே கருத வேண்டும் என்று துருபல் பாதுகாப்புக் குழுவே பின்னர் சொன்னது. வேர்ட்பிரஸில் 2013ல் வந்த 3.7 பதிப்பு முதல், சிறிய பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே பதியும் வசதி இருக்கிறது. அதை நிறுத்தி வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை முழு வெப்சைட்டையும் டேட்டாபேஸையும் வீட்டுக்கு எடுத்து பேக்கப் வைக்கவும். கெட்டுப்போன வெப்சைட்டைத் தேடித் தேடித் துடைப்பதைவிட, முழுவதும் அழித்து, எல்லா பாஸ்வேர்டுகளையும் மாற்றி, சுத்தமான தொகுப்பிலிருந்து மறுபடி அமைப்பதே நல்லது. நான் அப்படித்தான் செய்தேன். 2004ல் தொடங்கப்பட்ட செர்ட்-இன் என்ற மத்திய அரசு அமைப்பிடம் இத்தகைய தாக்குதலைத் தெரிவிக்கலாம். பணமும் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யவும்.

யார் மீது தவறு?

என் மீதுதான் முதல் தவறு. அதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் முழுத் தவறும் என்னுடையது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஹன்னோ பாக் 2017ல் எச்சரித்தபோது ஜூம்லா குழுவினர் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அந்த ஜூலையிலேயே 3.7.4 பதிப்பில் ஒரு சிறிய சோதனையைச் சேர்த்தார்கள். டேட்டாபேஸ் வேறு ஒரு சர்வரில் இருப்பதாக யாராவது சொன்னால், "இந்த இடம் உன்னுடையதுதான் என்றால், இந்தப் பெயருள்ள பைலை அழித்துக் காட்டு" என்று கேட்கும். இடத்துக்கு உரியவரால் மட்டுமே அதைச் செய்ய முடியும். எவ்வளவு எளிய பூட்டு! இதைச் செய்யப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஐந்து வருடம் கழித்து, 2022ல், நான் வேர்ட்பிரஸ் பதிந்த அந்த இரவில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. திருடனிடமும் கேட்கவில்லை.

"ஐந்து நிமிடத்தில் முடியும், யார் வேண்டுமானாலும் செய்யலாம்" என்று புதியவர்களை அழைப்பவர்கள், அந்த ஐந்து நிமிடத்துக்கும் காவல் போட வேண்டாமா? அழைத்துவிட்டு, "ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்" என்று பிறகு சொல்வது நியாயமில்லை. உலகத்துக்கு இலவசமாக உழைப்பவர்கள் என்ற மரியாதை எனக்கு உண்டு. அந்த மரியாதையோடுதான் கேட்கிறேன்.

அப்படியானால் ஹோஸ்டிங் நிறுவனம் தரும் ஒரே கிளிக் இன்ஸ்டாலைப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்பீர்கள். தாராளமாகப் பயன்படுத்தலாம். அது டேட்டாபேஸ், நிர்வாகி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவதால், நான் விட்ட அந்த இடைவெளி அதில் இருப்பதில்லை. ஆனால் அதன் பிறகு வரும் அப்டேட், பேக்கப், பாஸ்வேர்ட் எல்லாம் உங்கள் பொறுப்புதான். அதற்கும் நேரமில்லை என்றால் கூகுளின் பிளாக்கர் போன்ற சேவைகளில் எழுதுங்கள். பூட்டும் சாவியும் அவர்கள் கவலை. உங்கள் கடைக்கு வேண்டியது விலாசம், போன் நம்பர், பத்துப் படங்கள் மட்டும்தான் என்றால், இவ்வளவு பெரிய சாஃப்ட்வேரே வேண்டாம். சாதாரண எச்.டி.எம்.எல். பக்கங்கள் நான்கு போதும். இன்ஸ்டால் பக்கமே இல்லாத இடத்தில் அதைத் திறக்க யார் வருவார்கள்?

இன்னொரு வேண்டுகோள். "கம்ப்யூட்டர் படிச்ச பையன்" என்று உறவில் யாராவது இருந்தால், அவனிடம் வெப்சைட் கேட்பது நம் வழக்கம். அவனும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவான். கேட்கும்போதே, "சாவி யாரிடம் இருக்கும்? அப்டேட் யார் பார்ப்பது?" என்றும் கேளுங்கள். அவன் பதில் சொல்லத் தயங்கினால் வெப்சைட் கொஞ்சம் தாமதமாக வந்தால் பரவாயில்லை. அந்தப் பையனாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பெரியப்பா கடையின் வெப்சைட் இப்போது நான்கு எச்.டி.எம்.எல். பக்கங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. மதுரை ஆசிரியை அடுத்த வருடம் மறுபடி சேலை எடுக்க வந்தார். ஆனால் நேரில்தான் வந்தார். பெரியப்பா இன்றும் இரவு கடையை அடைக்கும்போது, பூட்டிவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். நானும் பார்த்துக்கொண்டு நிற்பேன்.